7 கிலோ நாயோடு கோடியக்கரைப் பக்கம் டென்ட் போட்டு ஒரு ராத்திரி: என்ன செய்யணும், எது கூடாது?

மன்னை வாசி

எல்லோருக்கும் வணக்கம். மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு. கோடியக்கரைப் பக்கம் மணல்மேட்டில் டென்ட் போட்டு ஒரு ராத்திரி, முடிந்தால் இரண்டு ராத்திரி தங்கலாம் என்று வீட்டில் பேச்சு. நாயையும் கூட்டிப் போகணும், பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. ஸ்பிட்ஸ், நம்ம ஊரில் பொமரேனியன் என்று சொல்வோமே அந்த வகை. பெண் நாய், 3 வயது, 7 கிலோ. மன்னார்குடியிலிருந்து காரில் வருகிறோம்.

பாலைவனப் பூங்காக்களில் சின்ன நாயோடு தங்குவது பற்றித் தேடிப் படித்தேன். ராஜஸ்தான், அமெரிக்கா பக்கத்துக் குறிப்புகள்தான் கிடைத்தன. ஈரத்துணி போர்த்து, காலுக்கு ஷூ போடு, தண்ணீர் நிறைய வை என்கிறார்கள். நம்ம இடமும் மணல், முள், வெயில்தானே, அதே முறை போதுமா? சரணாலயத்துக்கு உள்ளேயே தங்க முடியுமா? மணலில் டென்ட் முளை நிற்குமா? பாம்புக்கு என்ன ஏற்பாடு? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அகத்தியம்பள்ளி

முதலில் இடம். சரணாலயத்துக்குள் நாயோடு போகும் எண்ணத்தை விட்டுவிடுங்கள், பகலிலும் சரி, இரவிலும் சரி. 1967இல் சரணாலயமானது, 2002இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. முதல் நோக்கமே வெளிமான்தான். வெளிமான் குட்டி பிறந்த முதல் சில நாட்கள் தாயோடு ஓடாது, புல்லுக்குள் அசையாமல் படுத்துக் கிடக்கும். மனிதன் பக்கத்தில் நடந்து போனால்கூடத் தெரியாது, நாய் மூக்கால் கண்டுபிடித்துவிடும். 7 கிலோ நாய்தானே என்று நினைக்க வேண்டாம், குட்டிக்கு அது போதும்.

சட்டமும் கடுமை. 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குள் விரட்டுவதும் அடங்கும். வெளிமான் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிற உயிர். உங்கள் நாய் விளையாட்டாகத் துரத்தினாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

நீங்கள் படித்த பாலைவனப் பூங்காக்களிலும் இதேதான் நிலை. அமெரிக்காவின் ஜோஷுவா ட்ரீ பூங்காவில் சாலை, முகாம் இடம் இவற்றிலிருந்து 100 அடிக்கு மேல் நாய் போகக் கூடாது, நடைபாதைகளில் பெரும்பாலும் அனுமதி இல்லை. ராஜஸ்தானில் கானமயில் என்ற பெரிய பறவையின் அழிவுக்குச் சொல்லப்படும் காரணங்களில் ஊர்நாய்களும் உண்டு.

அதனால் சரணாலய எல்லைக்கு வெளியே பட்டா நிலம் பாருங்கள். வேதாரண்யத்துக்கும் கோடியக்கரைக்கும் நடுவில் தென்னந்தோப்பு, சவுக்குத்தோப்பு, மாந்தோப்பு இருக்கின்றன. தோப்புக்காரரிடம் நேரில் போய்க் கேளுங்கள். நாய் வரும் என்பதை முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள், தோப்பில் ஆடு கட்டியிருப்பார்கள். தென்னந்தோப்பானால் மரத்தடியில் டென்ட் வேண்டாம். மட்டையும் தேங்காயும் விழும், கடற்காற்றில் இன்னும் அதிகம். சவுக்குத்தோப்பு எனக்கு மேலாகப் படுகிறது. நிழல் சீராக இருக்கும், தரையில் சருகு மெத்தை. ஆனால் அந்தச் சருகு தீக்குச்சி பட்டாலே பிடிக்கும், அதனால் விறகடுப்பு கிடையாது.

தலைஞாயிறு

இடம் பற்றி மேலே சொன்னது சரி. மாதம்தான் எனக்குக் கவலை. மே மாதம் வேண்டாம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாலைவனக் குறிப்பு நம்ம ஊருக்குப் பொருந்தாமல் போகும் இடம் இதுதான்.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்வை. மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும்போது நாக்கிலும் மூச்சுக்குழாயிலும் இருக்கிற ஈரம் ஆவியாகி, அதில்தான் சூடு இறங்கும். ஜெய்சல்மேரில் காற்று காய்ந்து கிடக்கும், ஈரம் உடனே ஆவியாகும். 40 டிகிரியிலும் நிழலும் தண்ணீரும் இருந்தால் நாய் ஓரளவு சமாளிக்கும். வேதாரண்யத்தில் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் சதுப்பு. 36 டிகிரிதானே என்று பார்த்தால் காற்று முழுக்க ஈரம், எவ்வளவு இரைத்தாலும் சரியாக ஆவியாகாது. இரைக்கிற வேலையே தசைக்கு உழைப்பு, அந்த உழைப்பே இன்னும் சூட்டைக் கிளப்பும். புழுக்கத்தில் நாய் திடீரென்று விழுவது இப்படித்தான். பாலைவனத்தில் பொழுது சாய்ந்தால் குளிர் இறங்கும். இங்கே மே மாத ராத்திரியிலும் புழுக்கம் விடாது, டென்டுக்குள் அதைவிட மோசம்.

ஈரத்துணி போர்த்துவதும் இதே காரணத்தால் இங்கே ஆகாது. காய்ந்த காற்றில் துணி உலர்ந்து குளிர்ச்சி தரும். ஈரக்காற்றில் அது பத்து நிமிடத்தில் வெதுவெதுப்பாகி, உடம்புச் சூட்டை வெளியே விடாத போர்வையாகிவிடும். ஸ்பிட்ஸுக்கு இரட்டை ரோமம் வேறு. நனைக்க வேண்டுமானால் வயிறு, தொடை இடுக்கு, அக்குள், பாதம் இவற்றை நேராகத் தண்ணீரால் நனைத்து விசிறுங்கள். காற்று படணும், அதுதான் முக்கியம். கோடைக்கென்று ரோமத்தை ஒட்ட வெட்டிவிடாதீர்கள், வெயில் தோலைச் சுடும். உள்ரோமத்தைச் சீப்பால் வாரி எடுத்தால் போதும்.

ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் நாய்க்கென்று தனியாக வையுங்கள். ஆசனவாயில் பார்க்கணும். 38 முதல் 39.2 வரை இயல்பு. 40 தாண்டினால் எல்லா வேலையையும் நிறுத்தி நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றி விசிறணும். 41 என்றால் உயிருக்கு ஆபத்து, தண்ணீர் ஊற்றிக்கொண்டே கிளம்பணும். கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு குளிர்விக்கலாம் என்று இருக்காதீர்கள். 39.5க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் தேவைக்குக் கீழே போய்விடும். ஈறு செங்கல் நிறமாவது, எச்சில் கோந்து மாதிரி இழுப்பது, நடை தள்ளாடுவது, இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் தெர்மாமீட்டரைத் தேடி நேரம் போக்க வேண்டாம்.

பொங்கல் கழித்து தை, மாசியில் போங்கள். மழை விட்டிருக்கும், ராத்திரி குளிரும்.

மன்னை வாசி

மிக்க நன்றி. புழுக்கக் கணக்கு இதுவரை யாரும் சொல்லாதது. மே மாதத்தை விட்டுவிட்டோம், தை கடைசியில் ஒரு சனி, ஞாயிறு பார்க்கிறோம், ஒரு ராத்திரி மட்டும். ஒரு மாற்று யோசனையும் இருக்கிறது: அவ்வளவு தூரம் போகாமல் கொள்ளிடம் மணலில், அணைக்கரைக்குக் கிழக்கே தங்கினால் என்ன? மணல் பரப்பு நன்றாக இருக்கிறது, முள்ளும் குறைவு. இன்னொன்று, தையில் கடற்கரையில் நாயை ஓடவிடலாமா?

கீழணை

அணைக்கரைக்குக் கிழக்கே வேண்டவே வேண்டாம். கொள்ளிடத்தில் முதலை இருக்கிறது. கீழணைப் பக்கமும், சிதம்பரம் பக்கம் பழைய கொள்ளிடம் ஓரத்து ஊர்களிலும் ஆடு, மாடு, மனிதர் வரைக்கும் கடிபட்டிருக்கிறார்கள். ஆறு வற்றும்போது முதலை போய்விடாது, மிச்சமிருக்கிற மடுவில் வந்து சேரும். வெளியே காய்ந்த மணல், நடுவில் ஒரு குட்டை, அதில் முதலை. விளிம்பில் தண்ணீர் குடிக்கிற 7 கிலோ நாய் அதற்கு மிக எளிய இரை.

மேற்கே போனாலும் மணல் அள்ளிய பள்ளங்கள் உண்டு. மேலே கணுக்கால் தண்ணீர் மாதிரித் தெரியும், இரண்டடி தள்ளி ஆள் உயரம். மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28இல் மூடுவார்கள், அதற்குப் பிறகும் சில நாள் ஆற்றில் ஓட்டம் இருக்கும். தை கடைசி என்றால் ஆற்று மணல் இன்னும் காய்ந்திருக்காது. கோடியக்கரைப் பக்கத்துத் தோப்புதான் உங்களுக்குச் சரி.

அகத்தியம்பள்ளி

கடற்கரைக் கேள்விக்கு. தை, மாசிதான் பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும் காலம். ராத்திரியில்தான் வரும். நாய் வாசம், டார்ச் வெளிச்சம் பட்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். இட்ட முட்டையைத் தோண்டுவதில் நரியும் நாயும்தான் முன்னால் நிற்கும். உங்கள் நாய்க்குக் குளிர்ச்சியான மாதமும் ஆமைக்கு முக்கியமான மாதமும் ஒன்றாக இருக்கின்றன, பூநாரை வந்து நிற்கிற காலமும் அதுவேதான். அதனால் பொழுது சாய்ந்து விடியும்வரை நாய் கடற்கரைக்கு வரக் கூடாது. காலை 7 மணிக்கு மேல், மீனவர் ஊர் ஒட்டிய கரையில், 6 அடி கயிற்றில் கட்டி, ஈரமணலில் அரைமணி நேரம் நடத்துங்கள். அவிழ்த்து ஓடவிட வேண்டாம்.

அந்த அரைமணியிலும் கண் தரையில் இருக்கணும். வலை உதறிய இடத்தில் கழிவு மீன் கிடக்கும். உடம்பில் நஞ்சுள்ள பேத்தை மீனை மீனவர்கள் கரையிலேயே வீசிவிடுவார்கள், அந்த நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை. ஒரு வாய் தின்றாலே கை கால் செயலிழந்து மூச்சு நிற்கும். சொறி மீன் காய்ந்து கிடந்தாலும் கொடுக்கு வேலை செய்யும். கெளுத்தி முள் தொண்டையில் சிக்கும். வலையில் வந்த கடல்பாம்பு சில நேரம் உயிரோடு கிடக்கும். பின்னால் இருந்து கயிற்றை இழுத்தால் நாய் வாயில் இருப்பதைச் சீக்கிரம் விழுங்கப் பார்க்கும். கோழித்துண்டு ஒன்றைக் காட்டி ‘விடு’ என்று பழக்கிவிட்டு வாருங்கள். வீட்டிலேயே இரண்டு வாரம் பழக்கினால் வந்துவிடும்.

சவுக்குமுளை

டென்ட் விஷயம் நான் சொல்கிறேன்.

டென்டோடு வரும் 7 அங்குலக் கம்பி முளை மணலில் நிற்காது, வடகிழக்குக் காற்று ஒரு தரம் வீசினால் பிடுங்கிக்கொள்ளும். மணலில் முளை அடிப்பதில்லை, புதைப்பதுதான் முறை. 6 யூரியா சாக்கு, நன்றாகக் கழுவிக் காயவைத்தது. கழுவாததை நாய் நக்கினால் ஆபத்து. ஒவ்வொன்றிலும் 5, 6 கிலோ மணல் போட்டு வாயைக் கட்டி, நடுவில் கயிறு முடியுங்கள். ஒன்றரை அடிக் குழி தோண்டி, சாக்கைக் கயிறு இழுக்கும் திசைக்குக் குறுக்காகப் படுக்கவைத்து, மணல் தள்ளி மிதித்து, மேலே கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். ஈரமணல் இறுகிப் பிடிக்கும். நான்கு மூலைக்கு நான்கு, காற்று வரும் பக்கத்துக்குக் கூடுதலாக இரண்டு. டென்டின் ஒடுங்கிய பக்கம் காற்றை நோக்கி, வாசல் அதற்கு எதிர்ப்பக்கம். கயிற்று முனையில் வெள்ளைத் துணி கட்டிவிடுங்கள், நாயும் பிள்ளைகளும் இடறுவார்கள்.

தையில் பனி பெய்யும். ஒற்றைத் துணி டென்ட் உள்பக்கம் சொட்டும், வெளிமூடியும் உள்வலையும் தனித்தனியாக இருக்கிற டென்ட் வேண்டும். அடியில் தார்ப்பாய், ஆனால் அது டென்டின் ஓரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, பனித்தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். உள்ளே கோரைப்பாய். நாய் படுக்குமுன் தரையைச் சுரண்டும், பாய் இல்லாவிட்டால் டென்டின் அடித்துணி கிழியும்.

கட்டுவதற்குக் கழுத்துப் பட்டை போதாது. ஸ்பிட்ஸ் பயந்தால் பின்னால் நகர்ந்து தலையை உருவிக்கொள்ளும். உடம்பைச் சுற்றி வரும் பெல்ட் போட்டு, மேலே இரண்டு விரல் நுழையும் அளவு இறுக்குங்கள். இழுத்தால் நீளும் சுருள் கயிறு வேண்டாம், சவுக்கு மரத்தைச் சுற்றி இறுகிவிடும். ராத்திரி நாய் டென்டுக்கு உள்ளேதான். நரி ஊளை கேட்டால் குரைத்துக்கொண்டே இருக்கும், வலை ஜன்னல் வழியாக வெளியே பார்க்க முடியாமல் நாய் பக்கத்தில் ஒரு லுங்கியைத் தொங்கவிடுங்கள். கிளம்புமுன் வீட்டு மொட்டை மாடியில் மூன்று ராத்திரி டென்டில் படுக்கவையுங்கள். ஜிப் சத்தம், துணி படபடப்பு இரண்டும் பழகணும்.

டென்டுக்குள் கொசுவர்த்தி ஏற்றாதீர்கள், வலை போதும். நாம் பூசும் கொசுக் களிம்பையும் நாய்க்குப் பூசக் கூடாது, நக்கிவிடும்.

ஒரத்தநாடு மருந்துப்பெட்டி

பாம்பு, முள், தண்ணீர். கிளம்ப ஆறு வாரம் முன்னாலேயே தொடங்க வேண்டியவை சில இருக்கின்றன, அவற்றை முதலில் சொல்கிறேன்.

வெறிநாய்க்கடி ஊசி நடப்பில் இருக்கணும். எலிக்காய்ச்சல் ஊசி முதல் முறை என்றால் 3, 4 வாரம் இடைவெளியில் இரண்டு தவணை. வயலும் வாய்க்காலும் உள்ள நம்ம பகுதியில் இது விருப்பம் அல்ல, கட்டாயம். நாய்க்கு நாய் தொற்றும் டிஸ்டெம்பர் என்ற கிருமி நோய்க்கான ஊசியும் அப்படித்தான். இது உங்கள் நாய்க்காக மட்டும் இல்லை, 2018இல் கிர் காட்டில் சிங்கங்கள் டிஸ்டெம்பர் கிருமியால் செத்தன, இங்கே நரிக்கும் அதே கிருமி ஒட்டும். நாயின் மலத்தை அங்கேயே விடாமல் கவரில் எடுத்து வரச் சொல்வதும் இதனால்தான். உண்ணிக்கு வாய்வழி மாத்திரை எடைக்கேற்பக் கிளம்ப ஒரு வாரம் முன்பு. திரும்பி வந்ததும் காதுக்குள், விரல் இடுக்கு, அக்குள், பெல்ட் அடியில் தடவிப் பாருங்கள். மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், சோர்வு, மூக்கில் ரத்தம் வந்தால் உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

பாம்பு. நாயை மூக்கிலோ முன்காலிலோதான் பெரும்பாலும் கடிக்கும், ஏனென்றால் நாய்தான் போய் முகரும். பாம்பு வருவதற்கும் ஒரு வரிசை உண்டு: விளக்கைப் போட்டால் பூச்சி, பூச்சிக்குத் தவளை, தவளைக்குப் பாம்பு. கொட்டிய சோற்றுக்கு எலி, எலிக்கும் பாம்பு. டென்ட் வாசலில் விளக்கைத் தொங்கவிடாமல் இருபதடி தள்ளி வைத்தாலே பாதி வேலை முடிந்தது. படுக்குமுன் நாயை வெளியே விடும்போது முதலில் டார்ச், பிறகு உங்கள் கால், கடைசியில் நாய். மட்டைக் குவியல், விறகுக் குவியல் பக்கம் கூட்டிப் போகாதீர்கள்.

கடித்துவிட்டால் நடக்கவிடாமல் தூக்குங்கள். பெல்ட்டைக் கழற்றுங்கள், முகம் வீங்கினால் அது இறுக்கும். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், பச்சிலை தேடாதீர்கள். கண்ணாடி விரியன் என்றால் வீக்கமும் நிற்காத ரத்தமும் தெரியும். கட்டுவிரியனில் வீக்கமே இருக்காது, இரண்டு மணி நேரம் நன்றாக இருப்பது போலத் தோன்றிப் பிறகு கால் துவளும். அதனால் ‘பார்த்துக்கொண்டிருப்போம்’ என்பது கூடாது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான், நாய்க்கும் அதுவே. அது எல்லா மருந்தகத்திலும் இருப்பு இருக்காது. கிளம்புவதற்கு முன்தினம் வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி கால்நடை மருத்துவமனைகளில் ‘நாய்க்குப் போட விஷமுறிவு இருக்கிறதா, ராத்திரி யார் இருப்பார்கள்’ என்று கேட்டு எழுதி வையுங்கள். பெரிய சிகிச்சைக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி. 1962 கால்நடை உதவி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் இரவில் வண்டி வரும் என்று அதை மட்டும் நம்ப வேண்டாம். காரைத் தோப்புக்குள் வெளியே பார்த்த மாதிரித் திருப்பி நிறுத்துங்கள்.

நம்முடைய வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இரண்டும் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமாலும் அளவு தவறினால் கல்லீரலைக் கெடுக்கும்.

தேரையைக் கவ்வி வாயில் நுரை தள்ளினால் ஈரத்துணியால் ஈறையும் நாக்கையும் பலமுறை துடைத்தெடுங்கள். தலை கீழ்நோக்கி இருக்கட்டும், தொண்டைக்குள் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம்.

முள்ளில் நெருஞ்சி தொல்லை, சீமைக்கருவேலம் ஆபத்து. நெருஞ்சி பாதத்தில் குத்தினால் நாய் அங்கேயே நின்றுவிடும், பிடுங்கினால் சரி. கருவேல முள் உள்ளே ஒடியும், வெளியே ஒன்றும் தெரியாது, நான்காம் நாள் சீழ். நொண்டினால் பாதத்தை உப்புத்தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள், முனை தெரிந்தால் சாமணத்தால் குத்திய கோணத்திலேயே இழுங்கள். தெரியாவிட்டால் தோண்டாமல் மருத்துவரிடம் விடுங்கள். ஊசிப்புல் விதை ஸ்பிட்ஸின் ரோமத்தில் ஏறிக் காதுக்குள் போய்விடும். விரல் இடுக்கு ரோமத்தை முன்கூட்டியே வெட்டி, மாலையில் ஒருமுறை வாருங்கள்.

தண்ணீர்க் கணக்கு: கிலோவுக்கு 60 மில்லி, 7 கிலோவுக்கு நாளுக்கு 420. நடையும் வெயிலும் சேர்ந்தால் இரண்டரை மடங்கு வரை போகும். குடிக்க இரண்டு லிட்டர், கழுவவும் நனைக்கவும் தனியாக ஐந்து லிட்டர் எடுங்கள். அந்தப் பக்கத்து அடிபம்பு பல இடத்தில் உப்பு, வீட்டுத் தண்ணீரையே கொண்டு போவது நல்லது. உப்பளத்து வாய்க்காலையும் கடலையும் நக்கவிடாதீர்கள், வாந்தி, பேதி, அதிகமானால் வலிப்பு. கடற்கரையிலிருந்து வந்ததும் பாதத்தைக் கழுவுங்கள், இல்லாவிட்டால் நாய் நக்கியே உப்பை உள்ளே இறக்கும். சோற்றைத் தட்டில், பாய்மேல் வையுங்கள். மணலில் சிந்தியதைப் பொறுக்கித் தின்றால் மணல் குடலில் தங்கும்.

மன்னை வாசி

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். ஷூ பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லையே, வாங்கலாமா?

சவுக்குமுளை

வாங்க வேண்டாம். மணலில் ஷூவுக்குள் மணல் புகுந்து விரல் இடுக்கைத் தேய்க்கும், புண் வந்த பிறகுதான் தெரியும். பாதத்தில் வியர்ப்பதும் தடைபடும். புறங்கையை மணலில் 7 வினாடி வைத்துப் பாருங்கள், வைக்க முடியாவிட்டால் நாயை நடத்தக் கூடாது. தையிலும் 11 முதல் 4 வரை திறந்த மணல் சுடும், அந்த நேரம் தோப்புக்குள்ளேயே இருக்கட்டும்.

ஒரத்தநாடு மருந்துப்பெட்டி

ஷூவைப் பொறுத்தவரை நானும் அதேதான் சொல்வேன், ஒரே விலக்கு: பாதத்தில் ஏற்கெனவே வெட்டு இருந்தால் துணி சுற்றி, மேலே பருத்திக் காலுறை, கார்வரைக்கும் மட்டும்.

ஒரு லிட்டர் பாட்டில் இரண்டில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி உறையவைத்து, சணல் சாக்கில் சுற்றி எடுத்துப் போங்கள். வழியில் திருத்துறைப்பூண்டியில் சாப்பிட இறங்கினால் ஒருவர் நாயோடு வெளியே நிழலில் இருக்கணும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு நாயைக் காருக்குள் விடுவது தையிலும் கூடாது, வெயிலில் நிற்கும் கார் பத்து நிமிடத்திலேயே அடுப்பாகும்.